டி பிரூய்னே ஏஜென்ட் இல்லாமல் எப்படி ஒப்பந்தம் பேசினார், மற்றவர்களுக்கு எது எடுபட்டது

கேள்வி இது: "2021-ல் கெவின் டி பிரூய்னே ஏஜென்ட்டே இல்லாமல், டேட்டாவை மட்டும் வைத்து மான்செஸ்டர் சிட்டியோடு பேசி முடித்தார் என்கிறார்கள். உண்மையா? ஒரு தொழில்முறை கால்பந்து வீரர் கிளப்போடு ஒப்பந்தம் பேசும்போது என்ன உத்திதான் எடுபடும்?"

பாதி உண்மை. ஏஜென்ட் இல்லை என்பது சரி. டேட்டா இருந்ததும் சரி. ஆனால் "மட்டும்" என்ற சொல்தான் தப்பு. அவர் பக்கத்தில் அப்பா இருந்தார், ஒரு வழக்கறிஞர் இருந்தார், எல்லாவற்றுக்கும் மேல் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்: ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது, அந்த மாதங்கள் யாருக்குச் சாதகம்.

ஏன் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். பெல்ஜியத்தில் ஜான் மார்க் பாஸ்மன் என்று ஒருவர், லீஜ் கிளப்பில் ஆடினார். 1990-ல் அவர் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் புது ஒப்பந்தம் கொடுத்தது, மாதம் 1,20,000 பிராங்க் இருந்த சம்பளத்தை 30,000 ஆக்கி. வேண்டாம், பிரான்ஸில் டன்கிர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றார். போக விடவில்லை, காரணம் அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை அனுப்பக் கிளப் பணம் கேட்கலாம். மனிதர் ஐந்து வருடம் வழக்கு நடத்தினார், ஆட்ட வாழ்க்கையே அதில் போய்விட்டது. 1995 டிசம்பர் 15-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று வாரத்துக்கு லட்சக்கணக்கான பவுண்ட் வாங்கும் ஒவ்வொருவரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள் என்று நான் மனதார நினைக்கிறேன்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை இப்படி. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சுதந்திரப் பறவை, பழைய கிளப்புக்கு ஒரு பைசா கிடையாது. ஃபிஃபா விதிப்படி கடைசி ஆறு மாதத்தில் அவர் வேறு கிளப்போடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்தில் இருப்பவருக்கு ஜனவரி 1 முதல் இந்த வாசல் வெளிநாட்டுக் கிளப்புகளுக்குத்தான் திறக்கும், உள்நாட்டுக் கிளப்போடு அப்படிப் பேச முடியாது. 24 வயதுக்குக் கீழ் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கிளப் பழைய சம்பளத்துக்குக் குறையாமல் புது ஒப்பந்தம் கொடுக்க முன்வந்திருந்தால், உள்நாட்டுக்குள் மாறும்போது புதுக் கிளப் இழப்பீடு கொடுக்க வேண்டும். டேனி இங்ஸ் 2015-ல் பர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்கு ஒப்பந்தம் முடிந்து போனார், ஆனாலும் தீர்ப்பாயம் 65 லட்சம் பவுண்ட் கட்டச் சொன்னது, மேலும் கூடுதல் தொகைகளோடு.

சரி, இதில் வீரருக்கு என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிளப் 6 கோடி யூரோ கொடுத்து ஒருவரை வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் செலவாக விழும், சம்பளம் தனி. அதே ஆள் ஒப்பந்தம் முடிந்து சும்மா வந்தால் அந்த 1 கோடியே 20 லட்சம் மிச்சம். அதில் ஒரு பெரும் பங்கைக் கையெழுத்துப் பணமாகவும் கூடுதல் சம்பளமாகவும் கேட்கலாம், வாங்கும் கிளப்புக்கும் அது லாபமே. விற்கும் கிளப்புக்குப் போக வேண்டிய பணம் வீரர் பாக்கெட்டுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான் சூத்திரம். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வருடம் இருக்கும்போது கிளப்பின் கை ஓங்கியிருக்கும். இரண்டு வருடத்துக்குக் கீழே வரும்போது கிளப்புக்கு உறுத்த ஆரம்பிக்கும், ஒன்றரை வருடத்தில் "விற்பதா, சம்பளத்தை ஏற்றிக் கொடுப்பதா" என்று முடிவெடுத்தே ஆக வேண்டிய கட்டம் வந்துவிடும். கடைசி ஆறு மாதம் முழுக்க வீரர் கையில், உடம்பு நன்றாக இருந்தால்.

அந்த "உடம்பு நன்றாக இருந்தால்" என்பதுதான் எல்லாத் திட்டத்தையும் கவிழ்ப்பது. ஆரன் ராம்சேயைப் பாருங்கள். 2018-ல் ஆர்சனலோடு புது ஒப்பந்தம் கிட்டத்தட்டப் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார், கிளப் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டது. பதற்றப்படவில்லை. ஜனவரி வாசல் திறந்ததும் யுவென்டஸோடு பேசி 2019 பிப்ரவரியில் நான்கு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வாரத்துக்கு 4 லட்சம் பவுண்ட் என்று அப்போது செய்திகள் வந்தன. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில் நாப்போலிக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்தது. அதோடு ஆர்சனலில் அவர் ஆட்டமே முடிந்தது. கையெழுத்து பிப்ரவரியில் ஆகியிருந்ததால் பிழைத்தார். மே மாதம் வரை காத்திருந்து இன்னும் நாலு கிளப்பைப் போட்டி போட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "கடைசி வரை இழு" என்று சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் இந்தக் கதையைத்தான் சொல்வது.

இப்போது டி பிரூய்னேவுக்கு வருவோம். 2021 ஏப்ரல் 7-ம் தேதி சிட்டி அவர் ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டியதாக அறிவித்தது. பழையது 2023 வரை இருந்தது. அப்போது அவருக்கு 29 வயது, ஜூனில் 30. ஒரு நடுக்கள வீரருக்கு இது கடைசிப் பெரிய ஒப்பந்தம் போடும் வயது. முந்தைய பருவத்தில் பிரீமியர் லீகில் 20 கோல்களுக்கு வழி அமைத்து, 2002-03ல் தியரி ஹென்றி வைத்த சாதனையைத் தொட்டிருந்தார். சக வீரர்கள் ஓட்டுப்போட்டுக் கொடுக்கும் 2020-க்கான சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அதாவது சந்தை மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே உட்கார்ந்தார். காயம் பட்டு, ஃபார்ம் போய், கிளப் "பார்க்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்த பிறகு உட்காரவில்லை.

அனலிட்டிக்ஸ் எஃப்சி என்ற நிறுவனத்திடம் ஓர் அறிக்கை தயாரிக்கச் சொன்னார். செய்திகளில் வந்த அளவில் அதில் மூன்று விஷயம் இருந்தது: அணியின் ஆட்டத்தில் அவர் பங்கு எவ்வளவு, அதே தரத்தில் உள்ள மற்ற பெரிய வீரர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள், அப்புறம் வரும் வருடங்களில் சிட்டி கோப்பைகளை வெல்லும் அணியாக இருக்குமா. முதல் இரண்டும் எல்லோரும் ஊகிக்கக்கூடியவை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கிளப்பை மடக்கப் பார்க்கவில்லை. நான்கு வருடம் இங்கேயே இருப்பது எனக்குச் சரியா என்று தனக்கே ஒரு பதில் தேடினார். சக வீரர்களின் வயது என்ன, அணி எப்படி மாறும் என்று பார்த்துவிட்டு, தங்குவது என்று தெளிவான பிறகு போய் உட்கார்ந்தால் பேச்சின் தொனியே வேறு. "வேறு கிளப் கூப்பிடுகிறது" என்று பொய்யாக மிரட்டத் தேவையில்லை, எதிரில் இருப்பவர் அந்தப் பொய்யைச் சோதித்துப் பார்ப்பாரோ என்ற பயமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறிக்கை கிளப்புக்குத் தெரியாத எதையும் சொல்லியிருக்காது. சிட்டியில் டேட்டா ஆட்கள் குறைவா என்ன. அறிக்கையின் உண்மையான பயன், பேச்சை "நீ எவ்வளவு கேட்கிறாய்" என்ற இடத்திலிருந்து "உன் இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவர எங்களுக்கு எவ்வளவு ஆகும்" என்ற இடத்துக்கு நகர்த்தியதுதான் என்பது என் கணிப்பு. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எப்போதும் பெரிய தொகை: டிரான்ஸ்ஃபர் பணம், புது ஆளின் சம்பளம், அவர் ஒட்டிக்கொள்ள ஒரு வருடம், ஒட்டாமலே போகும் அபாயம். நல்ல வீரர்கள் பெரும்பாலும் தாங்கள் எவ்வளவு பெறத் தகுதியானவர்கள் என்று பேசுவார்கள். கிளப் இயக்குநருக்கு அது காதில் ஏறாது. நீங்கள் போனால் அவருக்கு என்ன செலவு என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்.

இதை டேட்டா இல்லாமலே செய்தவர் மெசுட் ஓசில். 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸ் ஆர்சனலை விட்டு மான்செஸ்டர் யுனைட்டட் போனார். ஓசிலின் ஒப்பந்தமும் அதே கோடையில் முடிகிறது. இரண்டு நட்சத்திரங்களையும் ஒரே வருடத்தில் இழந்தால் ரசிகர்கள் கொதித்துவிடுவார்கள் என்று கிளப்புக்குத் தெரியும், ஓசில் பக்கத்துக்கும் தெரியும். சில நாளிலேயே வாரத்துக்கு 3,50,000 பவுண்ட் என்று சொல்லப்பட்ட ஒப்பந்தம் 2021 வரைக்கும் கையெழுத்தானது. பின்னால் அவரை அணியிலேயே சேர்க்காமல் ஓரம்கட்டினார்கள், ஆனால் சம்பளத்தை நிறுத்த முடியவில்லை. கால்பந்தில் ஒப்பந்தம் என்றால் கிளப் ஒருதலையாகக் கிழித்துப் போட முடியாது. அதனால்தான் வயதான வீரர்கள் வாரச் சம்பளத்தைவிட வருடக் கணக்குக்காக அடம்பிடிக்கிறார்கள், 32 வயதுக்காரருக்கு மூன்றாவது வருடம் கிடைப்பது சம்பளத்தில் இருபது சதவீதம் ஏறுவதைவிடப் பெரிது.

முகமது சலா இதற்கு நல்ல உதாரணம். 2024-25 பருவத்தில் லிவர்பூலில் சலா, வான் டைக், அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மூவருக்கும் ஒரே கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. நவம்பரில் சவுத்தாம்ப்டனை 3-2 என்று ஜெயித்த பிறகு சலா செய்தியாளர்களிடம் தானே போய்ப் பேசினார், இன்னும் எந்த ஒப்பந்தமும் வரவில்லை, தங்குவதைவிடப் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்றார். அபூர்வமாகத்தான் பேசுவார், அதனால் அது தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் பேட்டி மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அந்தப் பருவத்தில் லீகில் 29 கோல் அடித்து 18 கோலுக்கு வழி அமைத்தார், 38 ஆட்டப் பருவத்தில் அதுவரை யாரும் எட்டாத கூட்டுத்தொகை. 2025 ஏப்ரலில் இரண்டு வருட ஒப்பந்தம் வந்தது, ஒரு வாரத்துக்குள் வான் டைக்குக்கும். அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ரியல் மாட்ரிட் போனார். கிளப் உலகக் கோப்பைக்கு முன்னால் சேர வேண்டும் என்பதற்காக ஒப்பந்தத்தின் கடைசிச் சில வாரங்களுக்காக மாட்ரிட் ஒரு தொகை கொடுத்தது, மற்றபடி லிவர்பூலுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. ஆறு வயதிலிருந்து வளர்ந்த கிளப்பின் மைதானத்தில் அவருக்கு ஊளைச் சத்தம் கேட்டது. பண ரீதியாக அவர் எடுத்தது சரியான முடிவு. மனதளவில் என்ன விலை கொடுத்தார் என்பதை எந்த அறிக்கையிலும் போட முடியாது, கடைசி ஆறு மாத உத்தியை எடுக்கிறவர் அதற்கும் தயாராக வேண்டும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். பேசிப் பெற்றதெல்லாம் தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் பல பேர் அடிவாங்குகிறார்கள்.

மெஸ்ஸி 2020 ஆகஸ்ட் 25 அன்று பார்சிலோனாவுக்குப் பதிவுத் தபால் அனுப்பினார், நான் போகிறேன் என்று. ஒப்பந்தத்தில் பருவம் முடிந்ததும் சும்மா விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. ஆனால் ஜூன் 10-க்குள் சொல்ல வேண்டும் என்றது கிளப். வழக்கமான வருடம் என்றால் ஜூன் 10-க்குள் பருவம் முடிந்திருக்கும். அந்த வருடம் கொரோனாவால் ஆட்டங்கள் ஆகஸ்ட் வரை நடந்தன. "பருவம் முடிந்ததும்" என்பதா, "ஜூன் 10" என்பதா? மெஸ்ஸி பக்கம் முதலாவதைப் பிடித்துக்கொண்டது, கிளப்பும் ஸ்பெயின் லீகான லா லீகாவும் இரண்டாவதை. 70 கோடி யூரோ கட்டினால் போகலாம் என்றார்கள். நீதிமன்றம் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். உலகின் தலைசிறந்த வீரர், கேட்ட வழக்கறிஞரை அமர்த்தக்கூடியவர், ஒரு தேதியில் மாட்டிக்கொண்டார். "கடைசி அதிகாரபூர்வ ஆட்டத்திலிருந்து பத்து நாள்" என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

லூயிஸ் சுவாரஸ் கதை இன்னும் வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அவருக்கு அது வேதனை. 2013 கோடையில் லிவர்பூலில் இருந்த அவருக்காக ஆர்சனல் 4 கோடி பவுண்டும் மேலே ஒரு பவுண்டும் சேர்த்துக் கேட்டது. 4 கோடிக்கு மேல் யாராவது கேட்டால் விட வேண்டும் என்பது சுவாரஸ் பக்கத்தின் புரிதல். அப்படிக் கேட்டால் பேசத் தொடங்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது என்று மறுபக்கம் நின்றது. அந்தக் கோடையில் லிவர்பூல் விற்கவே இல்லை. ஸ்பெயினில் 1985-ம் ஆண்டின் அரச ஆணையால் வீரர் குறிப்பிட்ட தொகையைக் கட்டிவிட்டு வெளியேறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ கட்டியபோது பார்சிலோனாவால் தடுக்க முடியாமல் போனது அதனால்தான். இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் கிடையாது. தாளில் இருக்கும் சொல் மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும். "கிளப் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்" என்று இருக்கிறதா, "பரிசீலிக்கும்" என்று இருக்கிறதா?

சின்ன இடங்களில் இது இன்னும் கொடுமை. கீழ்நிலை லீகில் ஆடும் ஒருவரின் ஒப்பந்தத்தை ஒருமுறை படிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு "ஆட்டப் பங்கேற்புக்கும்" ஒரு தொகை என்று அழகாக இருந்தது, அவரும் அதை நம்பித்தான் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் சொற்பொருள் பகுதியில், பங்கேற்பு என்றால் தொடக்கப் பதினொருவரில் இருப்பது என்று ஒரு வரி. பருவம் முழுக்க மாற்று வீரராக இறங்கி இறங்கி ஆடியவருக்கு அந்தத் தலைப்பில் வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பயிற்சியாளர் யாரை எப்போது இறக்குவார் என்பது உங்கள் கையில் இல்லை. அப்படிப்பட்ட போனஸை நம்பி உறுதியான பணத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், கேட்டால் இருபது நிமிடம் ஆடினாலும் பாதித் தொகை என்று எழுதி வாங்குங்கள்.

அதே மாதிரி இன்னும் சில. இங்கிலாந்தில் சம்பளம் வரிக்கு முன் பேசப்படும், இத்தாலியில் பெரும்பாலும் வரி போகக் கையில் வருவது பேசப்படும். இங்கிலாந்தின் உச்ச வரி 45 சதவீதம், ஆகவே இரண்டு நாட்டுத் தொகைகளை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். அணி கீழ்நிலைக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து இருந்தால், அதற்கு ஈடாக அப்போது குறைந்த விலையில் வெளியேறும் உரிமையைக் கேளுங்கள். கிளப்புக்கும் அந்த நேரத்தில் சம்பளச் சுமை குறைவது நல்லது என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் பணம் இங்கிலாந்தில் வருடா வருடம் தவணையாக வரும், நீங்களே எழுத்தில் "என்னை விற்றுவிடுங்கள்" என்று கேட்டால் மிச்சத் தவணை போய்விடும். போக வேண்டும் என்று ஊருக்கே தெரிந்த வீரர்கூட அந்தக் கடிதத்தை ஏன் கொடுப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். சம்பளமே வராத கிளப்பில் மாட்டியவர்களுக்கு ஃபிஃபா விதியில் ஒரு வழி இருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தை அனுப்பாமல் கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அப்படியானால் ஏஜென்ட் வேண்டாமா? டி பிரூய்னேவுக்கு வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவர் வேறு கிளப் தேடவில்லை. ஏஜென்ட்டின் பெரிய மதிப்பே எந்தக் கிளப்புக்கு யார் தேவை என்று தெரிந்து வைத்திருப்பதில்தான். இருக்கும் இடத்திலேயே நீட்டிப்பு என்றால் ஒரு நல்ல வழக்கறிஞருக்கு மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்து முடித்துவிடலாம், பல வருடச் சம்பளத்தில் சதவீதம் கொடுக்கத் தேவையில்லை. வெளியே போகப் பார்க்கிற 22 வயதுப் பையனுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், அவனுக்கு ஏஜென்ட் வேண்டும். ஆனால் அவர் கிளப்பிடமும் தனியாகக் கமிஷன் வாங்குகிறாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஆடுகிறவர் என்றால் வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏவிடமும் ஆலோசனை கேட்கலாம், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

டி பிரூய்னேவின் அந்த ஒப்பந்தம் 2025-ல் முடிந்தது. இடையில் 2023-ல் சிட்டியோடு சாம்பியன்ஸ் லீக் வென்றார், நான்கு வருடம் இங்கேயே இருப்பது சரியா என்று அவர் தேடிய கேள்விக்கு அதுவே விடை. அதன் பிறகு காயங்கள் வந்தன, வயது 34-ஐ நெருங்கியது. கடைசி வருடத்தில் கிளப்பிலிருந்து புது ஒப்பந்தமே வரவில்லை என்று அவரே சொன்னார். ஒப்பந்தம் முடிந்த ஆளாக, டிரான்ஸ்ஃபர் பணம் எதுவும் இல்லாமல், அந்தக் கோடையில் நாப்போலியில் போய்ச் சேர்ந்தார்.